ஜமீலுன்னிசா தைத்த இருபத்தேழு நூற்றாண்டு

எங்கள் வணிகர் சங்க மலரில் வருஷா வருஷம் ஒருவருடைய வாழ்க்கைக் குறிப்பு வரும். என்னைப் பற்றியே இதுவரை மூன்று தடவை எழுதியாகிவிட்டது. திசையன்விளையிலிருந்து ஐந்தாம் வகுப்போடு கிளம்பி வந்த பொன்ராஜ், தி. நகர் தெருக்களில் தோளில் துணி மூட்டை சுமந்து, இன்று மூன்று கடைக்கு முதலாளியான கதை உறுப்பினர்கள் எல்லாருக்கும் மனப்பாடம். நாலாவது தடவையும் அதையே போட்டால் படிக்கிறவர்களுக்கு அலுப்புத் தட்டும். எனக்குத் தட்டாது, அது வேறு விஷயம். ஆகவே இந்த வருஷம் பேனாவை நானே எடுத்து வேறு ஒருவரைப் பற்றி எழுதுகிறேன். அவர் நம் சங்கத்தில் உறுப்பினர்கூட இல்லை. பெயர் ஜமீலுன்னிசா. தையல்காரர்.

சைதாப்பேட்டை மார்க்கெட்டுக்குப் பின்னால் ஆற்றுப் பக்கம் இறங்குகிற சந்தில் அவர் வீடு. முன்னறையில் மிஷின், கத்தரி, துணி, இவை போக ஒரு ஆள் உட்கார இடம். கல்யாண மண்டபத்து மேடைத் திரை, பள்ளிக்கூட நாடகத்துக்குத் திரை, ஆஸ்பத்திரிக் கட்டில்களுக்கு நடுவே தொங்குகிற மறைப்பு என்று நீளமான துணி எதுவானாலும் அவர் கைக்குத்தான் போகும். ஜாக்கெட் தைக்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள். ஐம்பது அடிக்கு நூல் பிடித்த மாதிரி நேராகத் தைக்க எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான். எனக்குத் தெரியாமல் இந்த ஊரில் துணி சம்பந்தப்பட்டது எதுவும் கிடையாது.

அவரை நான் கண்டுபிடித்த கதையைச் சொல்ல வேண்டும். முப்பது வருஷம் முன்னால், என்னிடம் வாங்கிப் போன திரைத் துணியை மறுநாளே தூக்கிக்கொண்டு வந்து மேஜைமேல் போட்டார்.

"அண்ணாச்சி, துணி அரையடி கம்மியா கீது."

"எங்கடையில துணி கொறையாது தங்கச்சி. பூமி வேணா கொறையும்."

"நாலு வாட்டி அளந்துட்டேன். நாடா பொய் சொல்லுமா?"

நான் பேச்சை வளர்க்கவில்லை. கடையின் இரும்பு அளவுகோலை எடுத்து அவருடைய நாடாவுக்குப் பக்கத்தில் வைத்தேன். பழைய நாடா, இழுத்து இழுத்து நீண்டு போயிருந்தது. அதில் ஒரு அங்குலம் என்றால் நிஜத்தில் அங்குலத்துக்குக் கொஞ்சம் கூட. நீண்ட நாடாவில் அளந்தால் எந்தத் துணியும் குறைவாகத்தான் காட்டும். கடையில் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் முகம் சுருங்கவில்லை. என் கத்தரியை வாங்கி அந்த நாடாவை அங்கேயே நாலாக வெட்டிக் குப்பைக் கூடையில் போட்டார்.

"இதை வெச்சு இன்னும் யார் யார் துணியைக் கெடுத்தேனோ" என்று மட்டும் சொன்னார்.

அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், நம் கடைத் திரை வேலையெல்லாம் இனிமேல் இந்த அம்மாவுக்குத்தான் என்று. ஆளைப் பார்த்து எடை போடுவதில் பொன்ராஜ் இதுவரை தவறியதில்லை.

இப்போது நடந்த விஷயத்துக்கு வருகிறேன். இந்த வருஷத் தொடக்கத்தில் அவருக்குக் கண்ணில் புரை நீக்கினார்கள். ஒரே மகள் அதீபா, பெருங்குடியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் நல்ல வேலை, அங்கேயே வீடு. அம்மாவை, அவள் கூப்பிடுகிறபடி சொன்னால் அம்மியை, அழைத்துப் போய் உட்கார வைத்துவிட வேண்டும் என்று அவளுக்கு ஆசை. இருவரும் என் கடைக்கு வந்திருந்தபோது அந்தப் பேச்சு முற்றியது.

"கண்ணுல கத்தி வெச்சு ரெண்டு மாசம் ஆவல. ஊசியில நூல் கோக்க நாலு வாட்டி முயற்சி பண்றீங்க அம்மி."

"நாலு இல்ல. மூணு."

"அம்மி!"

"சரி, இப்பிடி வெச்சுக்கலாம். அடுத்தாப்ல வர்ற பெரிய வேலையைச் செய்றேன். அதுல ஒரே ஒரு தப்பு வந்துச்சுன்னா மிஷினை மூடிட்டு உன் வூட்டுக்கு வந்துடறேன். பால்கனியில குந்திக்கினு ஏரியைப் பாத்துக்கினு கெடக்கறேன்."

"எங்க பால்கனியில ஏரி தெரியாது. குப்பைமேடுதான் தெரியும்."

"அப்ப நான் ஜெயிச்சே ஆவணும்" என்றார் ஜமீலா.

அதீபா என் பக்கம் திரும்பினாள். "மாமா, நீங்கதான் சாட்சி. மிஷினுக்கு மூடித் துணி நான் இன்னைக்கே வாங்கி வெக்கறேன்."

"நான் சாட்சின்னா கோர்ட்டே மறுபேச்சுப் பேசாது மக்ளே" என்றேன். நிஜமும் அதுதான்.

சிரிப்பாகப் பேசினாலும் ஜமீலாவைத் தெரிந்தவர்களுக்கு அது சிரிப்பு இல்லை என்று தெரியும். நாடாவை நாலாக வெட்டிய ஆள். சொன்னால் செய்துவிடுவார். மிஷினை மூடிவிட்டு அவர் என்ன செய்வார் என்று நினைத்துப் பார்த்தேன். என் மனக்கண்ணால்கூட அவரைப் பால்கனியில் உட்கார வைக்க முடியவில்லை.

அந்தப் பெரிய வேலை ஜூன் மாதம் வந்தது. ஆழ்வார்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்துகிற காமாக்ஷி டீச்சர், பல தலைமுறையாக மயிலாப்பூர்க் குடும்பம், என் கடைக்கு வந்தார். எங்கே விசாரித்தாலும் என் கடையைத்தான் சொன்னார்களாம். நான் ஜமீலாவை வரவழைத்தேன்.

"பள்ளிக்கூட ஹால் சுவர் நீளத்துக்கு ஒரே துணி வேணும்" என்றார் டீச்சர். "நூறு வருஷத்துக்கு ரெண்டடி. பொது ஆண்டுக்கு முன்னாடி ஆறு நூற்றாண்டு, பொது ஆண்டுல இருபத்தொண்ணு. குழந்தேள் ஒரு கோடியிலேர்ந்து நடந்துண்டே போனா தமிழ்நாட்டுச் சரித்திரம் முழுக்கக் கண்ணுல படணும்."

"பொது ஆண்டுன்னா இன்னா டீச்சர்?"

"கி.மு., கி.பி.ன்னு கேள்விப்பட்டிருப்பேளே, அதேதான். பேரை மாத்தியிருக்கா. கணக்கு அதே கணக்கு. இடது கோடியிலேர்ந்து ஆறு, அஞ்சு, நாலுன்னு இறங்கிண்டு வந்து ஒண்ணுல நிக்கும். அங்கேர்ந்து மறுபடி ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு ஏறிண்டு போகும்."

ஜமீலா மேஜைமேல் கிடந்த துண்டுத் துணியை எடுத்து இரண்டாக மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"இது ஜாக்கெட் முன்பக்கம்" என்றார்.

"என்ன சொல்றேள்?"

"ஜாக்கெட் வெட்டசொல்ல துணியை மடிச்சுத்தான் வெட்டுவோம் டீச்சர். பிரிச்சா இடது முன்பக்கம் ஒண்ணு, வலது முன்பக்கம் ஒண்ணு. கண்ணாடியில பாக்கற மாதிரி. நடுவுலேர்ந்து அளந்தா ரெண்டு பக்கமும் தோளாண்ட போவப் போவ நம்பர் ஏறும். அதானே? மூணாம் நூற்றாண்டுன்னா, முன்னாடிப் பக்கத்துல, முந்நூறு இடது ஓரத்துல வரும். எரநூத்தி ஒண்ணு வலது ஓரத்துல, நடுவுக்குக் கிட்ட."

டீச்சருக்கு வாய் நிறையச் சிரிப்பு. "இதை நான் க்ளாஸ்ல சொல்லப்போறேன்" என்றார்.

துணி என்னுடையது, கெட்டியான காடாத் துணி, சாயம் போகாது, எழுதி வாங்கிக்கொள்ளலாம். முன்பகுதிக்குச் செங்கல் நிறம், பின்பகுதிக்கு அவுரி நீலம். அதன்மேல் வண்ணத் துணியில் வெட்டி ஒட்டித் தைத்த படங்கள்: பானை, காளை, பாய்மரக் கப்பல், மாமல்லபுரத்துக் கல் ரதம், பெரிய கோயில் விமானம், கோட்டை, ரயில், கடைசியில் மெட்ரோ. கடைசி நூற்றாண்டில் இருபத்தைந்து வருஷத்துக்கு ஆறு அங்குலம் மட்டும் படம். மிச்சம் ஒன்றரை அடி வெறும் துணி. அது இனிமேல்தான் வரப்போகிறது என்று டீச்சர் அப்படிக் கேட்டிருந்தார்.

சைதாப்பேட்டை வீட்டில் ஐம்பத்து நாலு அடியைப் பரப்ப ஏது இடம்? முன்பகுதியைத் தனியாகவும் பின்பகுதியைத் தனியாகவும் தைத்து, கடைசியில் இரண்டையும் சேர்த்தார். சேர்க்கிற இடத்தில்தான் கை தன் பழக்கத்துக்குப் போய்விட்டது. ஜாக்கெட்டின் இரண்டு முன்பக்கமும் சேர்கிற இடத்தில் கொக்கி வைக்கத் தனியாக ஒரு பட்டி வைத்துத் தைப்பார்கள். இவரும் நடுவில் மூன்று அங்குலத்துக்குத் தங்கச் சரிகையில் ஒரு பட்டி வைத்துவிட்டார்.

அந்த வாரச் சனிக்கிழமை அதீபா வீட்டுக்கு வந்து பார்த்திருக்கிறாள். இது அவள் எனக்குப் பிறகு சொன்னது.

"இது இன்னா அம்மி, நடுவுல?"

"ரெண்டு பக்கமும் சேர்ற எடம். பட்டி இல்லாம எப்பிடி?"

"அட, அப்ப இதான் ஜீரோ! எங்க ஆபீஸ்ல எல்லாக் கணக்கும் ஜீரோலேர்ந்துதான். மைனஸ் ஒண்ணு, ஜீரோ, ஒண்ணு. சூப்பரா வெச்சிருக்கீங்க."

சொன்னதோடு நிற்காமல், நீலத் துணியில் அழகாக ஒரு ஜீரோ வெட்டி, பட்டி நடுவில் தன் கையாலேயே தைத்தும் கொடுத்திருக்கிறாள். ஐந்தாம் வகுப்புப் படித்த நான் ஒருவன் பக்கத்தில் இருந்திருந்தால் இரண்டு கேள்வி கேட்டிருப்பேன். இல்லாமல் போய்விட்டேன்.

ஒப்படைக்கிற நாள் காலையில், கடை திறக்கும் முன்னால், துணியை என் பெரிய கடையில் நீளமாக விரித்தோம். அறுபது அடி நீளம் என் கடை. அந்தத் தெருவில் வேறு யாருக்கும் அது கிடையாது. காமாக்ஷி டீச்சர் செருப்பைக் கழற்றிவிட்டு, கோயில் பிராகாரத்தில் நடக்கிற மாதிரி இடது கோடியிலிருந்து நடந்து வந்தார். பானையிடம் நின்றார். காளையைத் தடவினார். "எவ்வளவு அழகா இருக்கு" என்று சொல்லிக்கொண்டே வந்தவர் நடுவில் நின்றார்.

"ஜமீலாம்மா, இது என்ன தங்கப் பட்டை?"

"அது ஜீரோ டீச்சர். நடு."

"அப்படி ஒரு வருஷமே கிடையாதே."

எனக்குச் சுருக்கென்றது. என் தையல்காரரை என் கடையில் வைத்து ஒருவர் குறை சொல்ல விடுவேனா? "அதெப்படி டீச்சர் இல்லாமப் போவும்? அளவுகோலை எடுங்க, நாடாவை எடுங்க, தொடக்கம்னு ஒரு எடம் இருக்குமில்லா?"

"இடம் இருக்கும், அகலம் இருக்காதே. நாடாவோட நுனிக்கு அகலம் உண்டோ? பொது ஆண்டுக்கு முன் ஒண்ணாம் வருஷம் முடிஞ்சது. மறுநாள் காலம்பற பொது ஆண்டு ஒண்ணாம் வருஷம் பொறந்தது. நடுவுல ஒரு நாள்கூட கிடையாது."

படித்தவர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். ஆனாலும் நான் அளந்து பார்க்காமல் எதையும் ஒப்புக்கொள்வதில்லை. கல்லாவுக்கு மேலே தொங்கிய தினசரிக் காலண்டரைக் கழற்றி வந்தேன். தாளின் தலையில் 2025 என்று இருக்கிறது, பக்கத்தில் திருவள்ளுவர் ஆண்டு 2056 என்று இருக்கிறது. வித்தியாசம் முப்பத்தொன்று.

"டீச்சர், வள்ளுவர் ஆண்டு எந்த வருஷத்துல தொடங்குது?"

"பொது ஆண்டுக்கு முன் முப்பத்தொண்ணுன்னு வெச்சிண்டு எண்றா."

மேஜையில் சாக்பீஸால் எழுதிப் பார்த்தேன். முன் முப்பத்தொன்று என்பது வள்ளுவர் கணக்கில் முதல் வருஷம். முன் முப்பது என்பது இரண்டாவது. அப்படியே இறங்கினால், முன் ஒன்று என்பது முப்பத்தொன்றாவது வருஷம். இப்போது நடுவில் ஜீரோ என்று ஒரு வருஷம் இருந்தால் அது முப்பத்திரண்டைத் தின்றுவிடும்; பொது ஆண்டு ஒன்றுக்கு முப்பத்து மூன்று வரும்; வித்தியாசமும் முப்பத்திரண்டு ஆகிவிடும். காலண்டரிலோ முப்பத்தொன்றுதான். ஜீரோவுக்கு உட்கார இடமே இல்லை. தினமும் காலையில் என் கையால் கிழிக்கிற காலண்டர். அதற்குள் இந்தக் கணக்கு இருப்பதை அந்தத் தெருவில் முதலில் பார்த்தவன் நான்தான்.

"சரியாப் போட்டுட்டேளே" என்றார் டீச்சர்.

இன்னொன்றும் போட்டேன். நூறு வருஷத்துக்கு இரண்டடி என்றால் மூன்று அங்குலத்துக்குப் பன்னிரண்டரை வருஷம். யாரும் பிறக்காத, யாரும் சாகாத பன்னிரண்டரை வருஷத்தை ஜமீலா சரித்திரத்தில் தைத்து வைத்திருக்கிறார். இதை நான் சத்தமாகச் சொல்லவில்லை.

ஜமீலா துணியின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டார். "டீச்சர், அந்தக் காலத்துல இருந்தவங்களுக்கு நாளைக்கு ஒண்ணாம் வருஷம்னு தெரியுமா?"

"எப்படித் தெரியும்? ஐந்நூறு வருஷம் போனதுக்கப்புறம் ஒருத்தர் உக்காந்து கணக்குப் போட்டார். அதுக்கு முன்னாடி போனதைப் பின்பக்கமா எண்ண ஆரம்பிச்சது அதுக்கும் ரொம்ப நாள் கழிச்சு."

"அப்ப இது ரெண்டு முன்பக்கம் இல்ல." பட்டியை ஒரு விரலால் தடவினார். "ஒரே துணி. நெய்யசொல்ல ஒண்ணாத்தான் வந்துச்சு. அப்பால யாரோ நடுவுல சாக்பீஸால ஒரு கோடு இழுத்து, இந்தாண்ட ஒரு பேரு, அந்தாண்ட ஒரு பேருன்னு வெச்சிருக்காங்க. நான் வெறும் கோட்டுக்குப் போயி பட்டி தெச்சுட்டேன்."

பையிலிருந்து போனை எடுத்தார். என் காது கேட்கத்தான் பேசினார். "அதீபா, நடுப்பட்டி தப்பாப் போச்சு. நீ ஜெயிச்சுட்டே. சாயங்காலம் வரசொல்ல அந்த மூடித் துணியை எடுத்துக்கினு அண்ணாச்சி கடைக்கு வா."

காமாக்ஷி டீச்சருக்குப் பந்தய விஷயத்தை நான் சொன்னதும் அவர் பதறிப்போனார். "ஐயோ, ஒரு பட்டைதானே, பிரிச்சா ஆச்சு! நான் வாயைத் தொறக்காம இருந்திருக்கலாமே."

"நீங்க சொன்னதுதான் நல்லது டீச்சர். அங்க மாட்டி வெச்சு எத்தினி புள்ளைங்க தப்பாப் படிச்சிருக்கும்? ரெண்டு நாள்ல சரி பண்ணித் தர்றேன். அதுதான் கடைசி வேலை."

நான் விடவில்லை. "தங்கச்சி, துணி இன்னும் என் கடை வாசலத் தாண்டலை. வாசல் தாண்டாதது தப்புக் கணக்குல சேராது. இது என் கடைச் சட்டம்."

"சாட்சி கட்சி மாறக் கூடாது அண்ணாச்சி."

என் சட்டம் அங்கே செல்லவில்லை. பொன்ராஜ் போட்ட சட்டம் செல்லாமல் போனது அபூர்வம்.

துணியை மேல்மாடிக்குக் கொண்டு போய் விரித்துக் கொடுத்தேன். அவர் மத்தியானம் சாப்பிடக்கூட இறங்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத் தையலைப் பிரித்து, சாயங்காலத்துக்குள் பட்டியின் ஒரு பக்கத்தை எடுத்துவிட்டார். ஆறரை மணிக்கு அதீபா வந்தாள். கையில் கடைப் பை. அதற்குள் மூடித் துணி. வந்ததும் போன் விளக்கைப் போட்டுக்கொண்டு குனிந்தாள். துணியின் மேல் ஓரத்தில் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை போனாள். பிறகு கீழ் ஓரத்தில் திரும்பி வந்தாள். ஒவ்வொரு படத்தின் விளிம்பையும் நகத்தால் தடவிப் பார்த்தாள்.

"ஏ மக்ளே, இருக்குத தப்பு போதாதா? இன்னும் தேடுதியா?" என்றேன். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

அவள் நிமிர்ந்தாள். கண் கலங்கியிருந்தது. "அம்மி, ஒரு தையல்கூட கோணல."

"எதுக்குக் கோணும்?"

"நாம பந்தயம் கட்டினது இன்னாத்துக்கு? உங்க கண்ணுக்கு. கண்ணு தப்புப் பண்ணல. அந்த ஜீரோவை வெச்சது யாரு? நானு. எனக்குக் கண்ணு நல்லாத்தானே கீது?"

"பட்டி என்னுது. பட்டி இல்லாம ஜீரோவை நீ எங்க வெச்சிருப்பே?"

"பட்டியைக் கண்ணா வெச்சுது?"

"மண்டை வெச்சுது."

"மண்டைக்கு யாரும் ஆபரேஷன் பண்ணலயே!"

ஜமீலாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டார். "தப்புன்னா தப்புதான். நான் சொன்னது ஒரே ஒரு தப்புன்னு. கண்ணுன்னு சொல்லல."

"மாமா, நீங்க சாட்சி. எதை வெச்சு அந்தப் பேச்சு ஆரம்பிச்சுது?"

இந்த இடத்துக்காகத்தான் காத்திருந்தேன். "ஊசியில நூல் கோக்கறதுல ஆரம்பிச்சது" என்றேன். "நாலு வாட்டின்னு நீ சொன்னே. மூணுன்னு அவ சொன்னா. என் ஞாபகத்துல சந்தேகம் கிடையாது. பந்தயம் ஊசிக்குத்தான். அதனால தீர்ப்பையும் ஊசியே சொல்லட்டும்."

ஜமீலா என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு ஊசியை எடுத்தார். நூல் நுனியை நாக்கில் நனைத்து, குழல் விளக்குக்கு நேராகப் பிடித்தார். முதல் தடவை நூல் விலகிப் போயிற்று. அதீபா மூச்சு விடவில்லை. நானும் விடவில்லை. இரண்டாவது தடவை நுழைந்துவிட்டது.

"ரெண்டு" என்றார் ஜமீலா, கொஞ்சம் குறையோடு.

"நாலு, மூணு, ரெண்டு. முன்பகுதிக் கணக்கு மாதிரி இறங்கிக்கினு வருது அம்மி. அடுத்தாப்ல ஒண்ணு."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் ஜீரோ வராது. அதான் இன்னைக்குக் கத்துக்கினோமே."

அந்த அம்மா அப்போதுதான் வாய்விட்டுச் சிரித்தார். மூடித் துணி பையைவிட்டு வெளியே வரவில்லை. மகளும் தரையில் உட்கார்ந்தாள். இருவருமாகப் பட்டியின் மறுபக்கத்தையும் பிரித்தார்கள். செங்கல் நிறமும் நீலமும் நேருக்கு நேர் ஒட்டிக்கொண்டன. சேர்ந்த இடத்தில் ஜமீலா வெள்ளை நூலில் ஒற்றைக் கோடாக ஒரு ஓட்டுத் தையல் போட்டார், சாக்பீஸ் கோடு மாதிரியே.

துணி இப்போது அந்த ஹாலில் தொங்குகிறது. திறப்பு விழாவுக்கு என்னையும் மேடையில் உட்கார வைத்துச் சால்வை போர்த்தினார்கள். பேச அழைத்தபோது காலண்டர் கணக்கை விளக்கினேன், நல்ல கைதட்டல். ஜமீலா மேடைக்கு வரவில்லை. கூட்டம் கலைந்தபிறகு துணியில் இரண்டு நிறமும் சேர்கிற இடத்தில் நின்று, வெள்ளைக் கோட்டின்மேல் உள்ளங்கையை வைத்து, இடமும் வலமும் நகர்த்திப் பார்த்தார். கையில் எதுவும் தட்டுப்படவில்லை என்று அவர் முகமே சொல்லிற்று.

அவர் இன்னும் சைதாப்பேட்டையில்தான் இருக்கிறார். போன வாரம்கூட ஒரு மண்டபத்து மேடைத் திரைக்கு என்னிடம் அறுபது அடி துணி எடுத்துப் போனார். அந்தத் தங்கப் பட்டியை, ஜீரோவோடு சேர்த்து, அதீபா தன் ஆபீஸ் பைக்குக் கைப்பிடியாகத் தைத்து வாங்கிக்கொண்டாள். நடக்காத அந்தப் பன்னிரண்டரை வருஷமும் இப்போது தினமும் காலையில் பஸ் ஏறிப் பெருங்குடிக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறது.